திரும்பி வருவோரும் நிரந்தர வதிவிட உரிமையும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. வெளிநாடு செல்வது எப்படி என்பதை எம்மூரில் எவரும் மேடை போட்டுச் சொல்லித் தரவேண்டியதில்லை. தேநீர்க் கடையிலும் சந்தியிலும் ரியூசன் கொட்டிலிலும் அந்தப் பாடம் நாள்தோறும் நடக்கின்றது. ஆனால் வெளிநாடொன்றில் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற ஒருவர், தொழிலின் பொருட்டு மீண்டும் இந்நாட்டுக்கு வருவாராயின் அவ்வுரிமைக்கு என்ன நேரும், அதனை அவர் எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதைத் தெளிவாகச் சொல்வார் அரியர். தெளிவு இல்லாத இடத்தில் அச்சம் குடியேறுகின்றது. அந்த அச்சத்தினால் வரவேண்டியவர் வராது நிற்கின்றார். வந்தவரோ அறியாமையினால் உரிமையை இழந்து நிற்கின்றார். இவ்விரண்டுமே எமது சமூகத்துக்கு நட்டம். ஆதலினாலேயே, பட்டப் படிப்பை இன்னும் முடிக்காத இளைஞராகிய நாம் இப்பொருளைத் துணிந்து எடுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டு உத்தியோகமும் ஊர் திரும்புதலும் யாழ்ப்பாணத்துக்குப் புதியன அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எம்மவர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் நில அளவையாளராகவும் பணிபுரிந்து, ஓய்வூதியத்துடன் ஊர் மீண்டனர். ‘மலாயன் பென்சனியர்’ என்ற பெயரையும் அவர்கள் கட்டிய கல்வீடுகளையும் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். அவர்கள் திரும்பியது வாழ்வின் மாலைக் காலத்தில், உத்தியோகத்தை முடித்துக்கொண்டு. மீண்டும் போகவேண்டும் என்ற எண்ணம் அவர்களுட் பலருக்கு இருந்ததில்லை. இன்று திரும்புகின்றவரின் நிலை வேறு. அவர் முப்பது வயதிலோ நாற்பது வயதிலோ திரும்புகின்றார். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு விரிவுரையாளராக, வைத்தியசாலையில் நிபுணராக, கொழும்பில் ஒரு நிறுவனத்தின் முகாமையாளராக வருகின்றார். அவருடைய பிள்ளைகள் அங்கே பிறந்திருக்கலாம். வீட்டுக் கடன் அங்கே நடைபெற்றுக்கொண்டிருக்கலாம். இங்கே வேலை முடிந்தபின் மீண்டும் அங்கே செல்லவேண்டிய தேவை அவருக்கு உண்டு. ஆதலின், மலாயன் பென்சனியருக்கு எழாத கேள்வி இவருக்கு எழுகின்றது: ‘நாம் ஊரில் இருக்கும் காலத்தில் அங்கே எமது கதவு திறந்தே இருக்குமா?’

இக்கேள்விக்கு விடை காணுமுன், நிரந்தர வதிவிட உரிமை என்பது யாது என்பதை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். குடியுரிமை வேறு, வதிவிட உரிமை வேறு. குடியுரிமை பெற்றவன் உலகின் எம்மூலையில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், பொதுவாக அந்நாட்டுக்குத் திரும்பும் உரிமையை இழப்பதில்லை. நிரந்தர வதிவிடமோ பெயரில்தான் நிரந்தரம். அது ஒரு காணி உறுதி போன்றதன்று; பெட்டியிற் பூட்டி வைத்துவிட்டுப் பத்து ஆண்டு கழிந்தபின் எடுத்துக் காட்டமுடியாது. ‘எமது நாட்டில் வாழ வந்திருக்கின்றீர், ஆதலின் வாழ்ந்து காட்டும்’ என்பதே அவ்வுரிமையின் அடியில் உள்ள நிபந்தனை. எவ்வளவு காலம் வாழ்ந்தாற் போதும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் அளந்து வைத்திருக்கின்றது. ‘ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு’ என்பது எம்மவர் பழமொழி. வதிவிட விடயத்தில் அளக்கவேண்டியது பணத்தை அன்று, நாட்களை.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் நாடு கனடா. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின்னர் அங்கு சென்றோர் பலர். அதன்பின் உறவினர் வழியாகவும் கல்வி வழியாகவும் தொழிற்றகைமை வழியாகவும் சென்றோர் பலர். ஆதலின் கனடாவின் சட்டத்தையே நாம் விரிவாக எடுத்துக்கொள்வோம்.

2002ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், நிரந்தர வதிவாளர் ஒருவர் ஒவ்வோர் ஐந்தாண்டுக் காலத்திலும் ஆகக் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. அந்நாட்கள் தொடர்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. இரண்டு மாதம் இங்கு, நான்கு மாதம் அங்கு எனத் துண்டு துண்டாகவும் இருக்கலாம். ஒரு நாளின் ஒரு பகுதியை அங்கு கழித்தாலும் அது ஒரு நாளாகவே எண்ணப்படும். ஐந்தாண்டில் ஏறத்தாழ 1,826 நாட்கள் உள. அவற்றுள் 730 போக, ஏறத்தாழ 1,096 நாட்கள், அதாவது மூன்றாண்டுகள், அவர் வெளியே இருக்கலாம் என்பது இதன் பொருள். ‘ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றாற் பறித்துவிடுவார்கள்’ என்று எம்மூரிற் சொல்லப்படுவது கனடாவின் வதிவிடச் சட்டத்தில் இல்லாத கதை. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஊருக்கு வந்து பணிபுரிவது, சட்டத்தை மீறாமலே செய்யக்கூடிய கருமம்.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த ஐந்தாண்டு சுவரில் அடித்த ஆணி போல ஓரிடத்தில் நிற்பதன்று. நிழல் போல எம்முடன் நகர்வது. உத்தியோகத்தர் ஒருவர் எந்த நாளில் எம்மைப் பரிசோதிக்கின்றாரோ, அந்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டுகளையே அவர் எண்ணுவார். வதிவிடம் பெற்று ஐந்தாண்டு நிறையாதவராயின், ஐந்தாண்டு நிறையும்போது 730 நாட்களை அவர் எட்டமுடியுமா என்று பார்ப்பார்.

ஓர் உதாரணம் கொள்வோம். பொறியியலாளர் ஒருவர் 2022ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி கனடாவில் நிரந்தர வதிவாளரானார் எனக் கொள்வோம். அன்று தொடக்கம் ஒரு நாளேனும் வெளியேறாது 2024ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி வரை அங்கிருந்தார். இடையில் ஒரு பெப்ரவரி 29 வந்தமையால் அவர் கணக்கில் 731 நாட்கள் சேர்ந்தன. பின்னர் ஊருக்கு வந்து ஒரு வேலையில் அமர்ந்தார். 2027ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதியன்று அவர் கனடாவில் வந்திறங்கினால், ஐந்தாண்டுக் கணக்கில் 731 நாட்கள் உள, தப்பினார். ஆனால் ‘இந்த வேலையை இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்’ என்று தங்கி, 2027ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் திகதி இறங்குவாராயின் என்ன நேரும்? அன்றிலிருந்து பின்னோக்கிய ஐந்தாண்டு, 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10இல் தொடங்கும். அதற்கு முன் அவர் வாழ்ந்த ஆறு மாதமும் கணக்கிலிருந்து வழுவிப் போய்விடும். எஞ்சுவன 547 நாட்கள். குறைவோ 183 நாட்கள். அவர் புதிதாக ஒரு பிழையும் செய்யவில்லை. ஆறு மாதம் பிந்தினார், அவ்வளவே. அந்த ஆறு மாதத்தில் பழைய நாட்கள் ஓட்டைப் பானை நீர்போல ஒழுகிவிட்டன. இந்த ஒரு கணக்கை விளங்கிக்கொண்டால், இவ்வுரையின் பாதியை விளங்கிக்கொண்டவர் ஆவீர்கள்.

இனி விதிவிலக்குகளைப் பார்ப்போம். வெளியே கழிக்கும் நாட்களையும் கனடாவிற் கழித்த நாட்களாகவே எண்ணும் நிலைமைகள் சில உள. முதலாவது: கனேடியக் குடியுரிமை பெற்ற கணவனுடனோ மனைவியுடனோ வாழ்க்கைத் துணையுடனோ வெளியே வாழும் காலம். இரண்டாவது: கனேடிய நிறுவனமொன்றினால், அல்லது கனடாவின் மத்திய அல்லது மாகாண அரசாங்க சேவையினால், முழுநேர ஊழியராக வெளிநாட்டுப் பதவியொன்றுக்கு அனுப்பப்பட்டிருக்கும் காலம். மூன்றாவது: அவ்வாறு அனுப்பப்பட்ட நிரந்தர வதிவாளரைக் கணவனாகவோ மனைவியாகவோ பின்தொடர்ந்து வாழும் காலம். சார்ந்திருக்கும் இளவயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோரைப் பொறுத்து இத்தகைய சலுகை உண்டு.

இவ்விதிவிலக்குகளைத் தவறாக விளங்கிக்கொள்வோர் பலர். ‘அனுப்பப்பட்ட’ என்ற சொல்லிலே சட்டத்தின் உயிர் இருக்கின்றது. தாமாக ஊருக்கு வந்து, கொழும்பிலுள்ள தனியார் நிறுவனத்திலோ இலங்கைப் பல்கலைக்கழகத்திலோ அரசாங்க வைத்தியசாலையிலோ சேர்ந்தவருக்கு இவ்விதிவிலக்குப் பொருந்தாது. கனேடிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்கின்றோம் என்பதும் தனியே போதாது. அந்த நிறுவனம் தன் தேவைக்காக அவரை இங்கு நியமித்து அனுப்பியிருத்தல் வேண்டும். கனடாவில் உண்மையில் தொழில் நடத்தாது, நாட்கணக்கைக் காப்பதற்கென்றே பெயரளவிற் பதியப்பட்ட நிறுவனத்தையும் சட்டம் ஏற்பதில்லை.

பிள்ளைகள் பற்றியும் இரு மயக்கங்கள் உள. ‘எமது பிள்ளை கனடாவிற் பிறந்தவன், குடியுரிமை உள்ளவன், அவனுடன் நாம் ஊரில் இருக்கும் காலம் எமக்குக் கணக்கில் வரும்’ என்று எண்ணும் தாய் தந்தையர் உள்ளனர். குடியுரிமையுள்ள பெற்றோருடன் இருக்கும் பிள்ளைக்கே சட்டம் இடம் தருகின்றது. குடியுரிமையுள்ள பிள்ளையுடன் இருக்கும் பெற்றோருக்குத் தரவில்லை. அதுபோலவே, நிரந்தர வதிவாளரான தாய் தந்தையர் இங்கு பணிபுரியும் காலத்தில் இங்கே பிறக்கும் குழந்தைக்கு அவர்களது வதிவிட உரிமை தானாக வந்துவிடாது. அக்குழந்தையைப் பின்னர் முறைப்படி விண்ணப்பித்தே அழைத்துக்கொள்ளல் வேண்டும். அதற்குக் காலமும் பணமும் செல்லும். தொட்டிலில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு இதனை அறிவதிலும், விமானச் சீட்டு எடுக்குமுன் அறிவது நன்று அன்றோ?

அட்டை பற்றிய மயக்கம் இன்னொன்று. நிரந்தர வதிவிட அட்டை பொதுவாக ஐந்தாண்டுக்கு வழங்கப்படுகின்றது. அட்டையின் காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது என்று சிலர் மனம் சோர்கின்றனர். அட்டை செல்லுபடியாகும் காலம் இருப்பதால் உரிமையும் இருக்கின்றது என்று வேறு சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் பிழை. அட்டை வெறும் அடையாளம். உரிமை நாட்கணக்கிற் தங்கியது. காலங் கடந்த அட்டையுடன் வெளிநாட்டில் இருப்பவர், கனடாவின் விசா அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, நிரந்தர வதிவாளருக்கான பயணப் பத்திரம் பெறல் வேண்டும். அஃதின்றி விமான நிறுவனம் ஏற்றாது. அந்த விண்ணப்பத்தின்போதும் நாட்கள் எண்ணப்படும்.

அவைக்கு இன்னும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகின்றோம். எம்மவருட் பலரை இது நேரே தொடும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, அதன்வழி வதிவிட உரிமை பெற்றவர்களுக்கு 730 நாட்கள் மட்டும் காவல் ஆகா. 2012ஆம் ஆண்டு டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அகதி ஒருவர் எந்த நாட்டுக்கு அஞ்சிப் புகலிடம் கேட்டாரோ அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தாமாகவே நாடினார் என்று தீர்க்கப்படுமாயின், அகதி நிலையுடன் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து, அதிலே இலங்கைக்குப் பயணம் செய்தல் அத்தகைய தீர்ப்புக்கு ஏதுவாகலாம். ஆண்டு முழுவதும் கனடாவில் வாழ்ந்து, இரண்டு கிழமை விடுமுறையில் வந்து போனவரும் இதிற் சிக்கலாம். குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு இவ்விதி பொருந்தாது. ஆதலின் அகதி வழி சென்றவர்கள், குடியுரிமை பெறுமுன் இங்கு வேலைக்கு வருவதைப் பற்றி எண்ணுவாராயின், குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த சட்டத்தரணியைக் காணாமல் ஓர் அடியும் வைத்தல் ஆகாது. தாயாரின் சுகவீனம் கேட்டு ஓடி வர விரும்பும் மகனுக்கு இதனைச் சொல்வது கசப்பான கடமை. ஆயினும் சொல்லாது விடுவது அவனுக்குச் செய்யும் கேடு.

அப்படியாயின் குடியுரிமையையே பெற்றுக்கொண்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. கனடாவிற் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்தாண்டுக்குள் 1,095 நாட்கள் அங்கே இருந்திருத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஒக்ரோபர் தொடக்கம் இதுவே விதி. நிரந்தர வதிவிடத்துக்கு முன் மாணவராகவோ தொழில் அனுமதியுடனோ இருந்த நாட்கள் அரை நாளாக எண்ணப்பட்டு, 365 நாட்கள் வரை சேர்க்கப்படும். ஆகவே இரண்டாண்டு வாழ்ந்தவர் இன்னும் ஓராண்டோ அதனினும் குறைவாகவோ பொறுத்தால், விண்ணப்பிக்கும் தகுதியை எட்டக்கூடும். ஊரில் வேலை அழைக்கின்றது என்றவுடன் ஓடி வருமுன், அந்த வேலை ஓராண்டு காத்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தல் புத்தி.

எனினும் குடியுரிமைக்கும் ஒரு விலை உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாகப் பெறும் இலங்கையர் இலங்கைக் குடியுரிமையை இழக்கின்றார். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இரட்டைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. ஆயினும் அதற்கு வேறாக விண்ணப்பித்தல் வேண்டும். நிரந்தர வதிவாளராக மட்டும் இருப்பவரோ இலங்கைக் குடிமகனாகவே இருக்கின்றார். இங்கு வேலை செய்ய அவருக்கு விசா வேண்டியதில்லை; வாக்குரிமை உண்டு; காணி வாங்கலாம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தியபோது, இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு விலக்களித்தது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உடையோருக்கோ வழி குறுகியது. 2022ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் இருபத்தோராம் திருத்தத்தின்படி, இரட்டைக் குடியுரிமை உடையோர் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்படவும் முடியாது. ஆகவே எது மேல், எது கீழ் என்று எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்ல இயலாது. இங்கே எவ்வளவு காலம், என்ன செய்ய வருகின்றோம் என்பதைப் பொறுத்தே அது தீர்க்கப்படல் வேண்டும்.

பிற நாடுகளின் அளவுகோல் வேறு. பிரித்தானியாவிற் காலவரையற்ற வதிவிட அனுமதி பெற்றவர் தொடர்ச்சியாக இரண்டாண்டுக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாக அவ்வனுமதி காலாவதியாகும். பின்னர் திரும்பும் வதிவாளராக விண்ணப்பித்து, அந்நாட்டுடன் தமக்குள்ள உறுதியான தொடர்பை அவர் காட்டல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் நிரந்தர விசாவுடன் பொதுவாக ஐந்தாண்டுப் பயண வசதி கிடைக்கின்றது. அது முடிந்தபின் வெளியே சென்று திரும்ப, மீள்வருகை விசா வேண்டும். கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு அங்கே நிரந்தர வதிவாளராக வாழ்ந்தவருக்கு அவ்விசா மீண்டும் ஐந்தாண்டுக்குக் கிடைக்கும். அமெரிக்காவின் முறை இவற்றினும் வேறானது. அங்கே நாட்கணக்கைவிட எண்ணமே பெரிதாக ஆராயப்படுகின்றது. வீடு எங்கே, குடும்பம் எங்கே, வரி எங்கே என்பனவற்றை நோக்கி, ‘இவர் அமெரிக்காவைத் தம் இல்லமாகக் கொண்டிருக்கின்றாரா, கைவிட்டாரா?’ என்று உத்தியோகத்தர் கேட்பர். ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருக்க நேர்ந்தால், பச்சை அட்டை தனியே மீள்வருகைக்கு உதவாது. புறப்படுமுன், அமெரிக்காவில் இருக்கும்போதே, மீள்நுழைவு அனுமதிக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அது பொதுவாக இரண்டாண்டு வரை செல்லும். ஆகவே கனடாவில் இருக்கும் மைத்துனர் சொன்ன கணக்கை அமெரிக்காவில் இருக்கும் தமையன் பின்பற்றினால், இருவர்க்கும் மனத்தாங்கலே மிஞ்சும்.

மீண்டும் கனடாவுக்கே வருவோம். நாட்கள் குறைந்துவிட்டன, இனி என்ன செய்வது? குறைந்த அந்தக் கணத்திலேயே உரிமை தானாக அழிந்துவிடுவதில்லை. உத்தியோகத்தர் ஒருவர் தீர்மானித்து, அத்தீர்மானம் இறுதியாகும் வரை அவர் நிரந்தர வதிவாளரே. மனிதாபிமானக் காரணங்களைக் கருத்திற் கொள்ளவும், பிள்ளையின் நலனை நோக்கவும் சட்டம் இடம் வைத்திருக்கின்றது. சாகக் கிடந்த தந்தையைப் பராமரிக்கத் தங்கினோம் என்றால், அதற்குரிய வைத்தியப் பத்திரங்களை முன்வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும்போது எதிரான தீர்மானம் கிடைத்தால், 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால், ‘வேலை நல்ல வேலை, சம்பளம் நல்ல சம்பளம்; அதனால் தங்கிவிட்டோம்’ என்ற காரணம் தனியே நின்று பெரிதும் கைகொடுக்கும் என நம்பியிருத்தல் ஆகாது.

பொய் சொல்லித் தப்பலாம் என்று ஆலோசனை கூறுவோரும் உளர். வெளியே இருந்த நாட்களை மறைத்தல், பிறர் வீட்டு முகவரியில் வாழ்ந்ததாகக் கடிதம் எடுத்தல் முதலியன இவ்வகையின. கனடா அரசாங்கம் வருவோரையும் போவோரையும் பதிவு செய்கின்றது. பொய் வெளிப்பட்டால் வதிவிடமும் போய், ஐந்தாண்டுக்கு அந்நாட்டினுள் நுழையவும் தடை வரலாம். குறைந்த நாட்களுக்கு மன்னிப்புக் கேட்க வழி இருக்கின்றது. பொய்க்கு அவ்வழி மிக ஒடுங்கியது.

ஆகவே திரும்பி வர எண்ணுவோர் புறப்படுமுன் செய்யவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவோம். வதிவிடம் பெற்ற நாள் தொடக்கம் வெளியே சென்ற நாளையும் உள்ளே வந்த நாளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய கடவுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். இங்குள்ள ஒப்பந்தம் முடியும் நாளைக் குறித்து, அந்நாளில் ஐந்தாண்டுக் கணக்கு எவ்வாறு நிற்கும் என்று எண்ணுங்கள். மட்டுமட்டாக 730 அன்றி, சில மாதம் மிச்சம் இருக்குமாறு திட்டமிடுங்கள். விமானம் பிந்தலாம், பெற்றோர் நோயுறலாம், 2020இல் நேர்ந்ததுபோல உலகமே கதவடைக்கலாம். ஒப்பந்தத்தை நீடிக்கக் கேட்கும் நாளில், சம்பளத்தைக் கேட்குமுன் நாட்களைக் கேளுங்கள். வரி விடயத்தில் வதிவாளரா அன்றா என்பதும், குடிவரவுச் சட்டத்தின் வதிவிடமும் இருவேறு கணக்குகள் என்பதை மறவாதீர்கள். மாகாணத்தின் இலவச வைத்தியக் காப்புறுதியும் வேறு கணக்கு. ஒன்ராறியோவிற் பொதுவாகப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாட்கள் அங்கிருத்தல் வேண்டும். சட்டங்கள் மாறும் இயல்பின. ஆதலின் எமது இந்த உரையையும் இறுதி வார்த்தையாகக் கொள்ளாது, புறப்படும் நாளில் அந்நாட்டு அரசாங்கம் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

எல்லாக் கணக்கும் பார்த்தபின்னர், ‘எமக்கு இனி இந்த ஊரே போதும்’ என்று தீர்மானிப்பவரும் இருப்பர். அவர்கள் வதிவிட உரிமையை முறைப்படி தாமாகவே கையளிக்கச் சட்டம் இடந் தருகின்றது. அது தோல்வி அன்று. உறவினரைக் காணப் போகவேண்டின், வருகை விசாவுக்கு விண்ணப்பித்துப் போகலாம். தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. முன்னையதில் மனம் அமைதியாக இருக்கும். பின்னையதில் குடும்பத்தினுள் ஒருவரை ஒருவர் நோகும் நிலையே வரும்.

இறுதியாக, ஊரில் இருக்கும் எம் எல்லோர்க்கும் ஒரு சொல். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வேலைக்குத் திரும்பி வந்தால், நாம் முதலிற் கேட்பது என்ன? ‘அங்கை சரிவரேல்லைப் போலை; அதுதான் வந்திட்டார்’ என்று மதிலுக்கு மேலால் ஒரு பேச்சு. ‘இவர் எத்தினை நாளைக்கு நிக்கப் போறார்? காட் முடியமுன்னம் ஓடியிடுவார்’ என்று இன்னொரு பேச்சு. நின்றாலும் குற்றம், போனாலும் குற்றம் என்றால் எவர்தாம் வருவார்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் இந்நாட்டை விட்டுப் போனதை நாம் கண்ணாரக் கண்டோம். எமது பல்கலைக்கழக வகுப்பறைகளிலே ஆசிரியர் இன்றி இருக்கும் கதிரைகளை மாணவராகிய நாம் நாள்தோறும் காண்கின்றோம். அந்தக் கதிரையில் மூன்றாண்டு வந்திருந்து கற்பிக்க ஒருவர் முன்வருவாராயின், அந்த மூன்றாண்டும் எமக்கு வரவு. நான்காம் ஆண்டு அவர் தம் நாட்கணக்கைக் காக்கத் திரும்பிப் போவது எமக்குச் செய்யும் துரோகம் அன்று. போகும் வழி திறந்திருக்கின்றது என்று அறிந்தவரே அச்சமின்றி வருவார். வரும் வழியை அடைக்காது வைத்திருப்பது எம்முடைய கடமை.

கனடாவின் சட்டம் தரும் 1,096 நாட்கள் சிறிய காலம் அல்ல. ஒரு மாணவர் தொகுதியைப் பட்டதாரிகளாக்க அது போதும். ஒரு வைத்தியசாலைப் பகுதியை நிமிர்த்த அது போதும். முதிய தாய் ஒருத்தியின் இறுதிக் காலத்தில் அருகிருக்கவும் அது போதுமாகலாம். அந்நாட்களை அளந்து எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எம்மவரை அழைப்போம். அவர்கள் தம் கணக்கைச் சரியாக வைத்திருக்க, எமது இளைஞர் சங்கம் போன்ற அமைப்புகள் அறிவு தந்து துணைநிற்குமாக.